காணாக் கோளின் காற்றும் சான்று கேட்கும் பண்பும்

முத்தமிழ் விழா மேடைகளிலும் மீலாது விழா மேடைகளிலும் நாம் அடிக்கடி கேட்டு மகிழும் பேச்சு ஒன்று உண்டு. இன்றைய அறிவியலார் கண்டு சொல்வன யாவற்றையும் நம் முன்னோர் என்றோ சொல்லி வைத்துவிட்டனர் என்பதே அது. தமிழ் மேடையாயின் சங்க நூல்கள் துணைக்கு வரும். சமய மேடையாயின் திருமறை துணைக்கு வரும். அரங்கம் கைதட்டும். நானும் அவ்வாறு பேசியிருக்கிறேன், கைதட்டலும் பெற்றிருக்கிறேன். அப்பேச்சு நம் மொழிக்கும் நன்மை செய்யவில்லை, மார்க்கத்திற்கும் நன்மை செய்யவில்லை என்று இப்பொழுது கருதுகிறேன். அதனைத் தமிழ்த்துறை மலரிலேயே எழுதுவது முறை என எண்ணி இக்கட்டுரையை வரைகின்றேன்.

என்னை மாற்றியவர் பேரறிஞர் எவரும் அல்லர். இயற்பியல் பயிலும் ஒரு மாணவர். நம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வருபவர். பள்ளிக் கல்வி முழுவதையும் தமிழ் வழியில் கற்றவர். ஒரு விழாவில் நான் பேசி இறங்கியதும் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"ஐயா, வேறு சூரியன்களைச் சுற்றுகிற கோள்களின் காற்றில் என்னென்ன இருக்கின்றன என்று வகுப்பில் நடத்தினார்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பதால் எனக்குப் பாதிதான் புரிந்தது. அதுவும் நம் நூல்களில் இருக்கிறதா ஐயா? இருந்தால் எந்தப் பாட்டில்? அங்கே போகாமலே எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று அந்தப் பாட்டில் சொல்லியிருக்கிறதா?"

கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். "பார்த்துச் சொல்கிறேன், தம்பி" என்று கூறி அனுப்பினேன். எந்தப் பாட்டிலும் அது இல்லை என்பது எனக்குத் தெரியும். அதன்பின் இயற்பியல் துறை நண்பர்களிடம் அமர்ந்து கேட்டும், கிடைத்தவற்றைப் படித்தும் அறிந்துகொண்டவற்றை ஈண்டு முதற்கண் தருகின்றேன்.

வெப்ப வியாழன்கள்

நம் சூரியக் குடும்பத்தில் மிகப் பெரிய கோள் வியாழன். அது சூரியனுக்குத் தொலைவில், கடுங்குளிரில் நின்று, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வருகிறது. பெருங்கோள்கள் தொலைவில்தான் இருக்கும் என்றே அறிஞர் எண்ணியிருந்தனர். 1995ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர்களாகிய மிஷல் மேயரும் திதியே குவெலோவும் இவ்வெண்ணத்தைப் புரட்டினர். பெகாசி 51 என்னும் விண்மீனை வியாழனின் பாதி எடையேனும் உடைய ஒரு கோள் நான்கே நாள்களில் சுற்றி வருவதை அவர்கள் கண்டனர். 2019ஆம் ஆண்டு அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இத்தகைய கோள்களுக்கு 'வெப்ப வியாழன்' என்று பெயர். நம் சூரியனல்லாத பிற விண்மீன்களைச் சுற்றுவனவற்றைப் பொதுவாகப் புறக்கோள்கள் என்கிறோம். இதுவரை உறுதி செய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 2025ஆம் ஆண்டில் 6,000ஐக் கடந்தது.

வெப்ப வியாழன்களின் காற்றை ஆராய்வதில் அறிஞர்க்கு ஏன் இத்துணை ஆர்வம்? நம் வியாழனில் நீர், மேகமாய்க் குளிர்ந்து ஆழத்தில் மறைந்து கிடக்கிறது. எவ்வளவு உள்ளதென அளப்பது அரிது. ஆயிரம், இரண்டாயிரம் பாகை வெப்பமுள்ள கோளிலோ நீர் முழுவதும் ஆவியாய் மேலே நிற்கும். மிகுந்த வெப்பமுடையவற்றில் இரும்பும்கூட ஆவியாகும். கெல்ட்-9 பி என்னும் கோளின் காற்றில் இரும்பும் டைட்டேனியமும் ஆவியாய் இருப்பதை 2018ஆம் ஆண்டில் கண்டனர். மூடி வைத்த பானையைவிடத் திறந்து கொதிக்கும் பானையில் உள்ளிருப்பதை அறிதல் எளிதன்றோ? அக்காற்றில் கார்பன் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு என்று அறிந்தால், அக்கோள் எவ்விடத்தில் பிறந்து எவ்வாறு இவ்வளவு அருகில் வந்து சேர்ந்தது என்பதற்கும் துப்புக் கிடைக்கும்.

போகாமல் அறியும் வழி

உலையில் உப்பிட்ட நீர் பொங்கி அடுப்பில் வழிந்தால் சுடர் மஞ்சளாய் மாறுவதை நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் காண்கின்றனர். உப்பிலுள்ள சோடியத்தின் நிறம் அது. ஒவ்வொரு தனிமத்திற்கும் தனக்கென நிறங்கள் உண்டு. சூடேறினால் அந்நிறத்தை உமிழும். பின்னாலிருந்து வலிய ஒளி பாய்ந்தால் அந்நிறத்தை மட்டும் விழுங்கும். ஒளியை நிறமாலையாக விரித்துப் பார்த்தால் விழுங்கப்பட்ட இடம் கருங்கோடாய்த் தெரியும். கோடு நிற்கும் இடத்தைக் கொண்டு இன்ன தனிமம் எனக் கூறலாம்.

ஒரு கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடந்து செல்லும்போது விண்மீனின் ஒளி சிறிது குறைகிறது. இதனைக் கடப்பு என்பர். அப்பொழுது விண்மீனின் ஒளியில் ஒரு சிறு பங்கு, கோளின் விளிம்பிலுள்ள காற்றினூடே நுழைந்து நம்மை வந்தடைகிறது. அக்காற்று எந்நிறத்தை விழுங்குகிறதோ அந்நிறத்தில் பார்க்கும்போது கோள் சற்றுப் பருத்ததுபோல் தோன்றும். எச்டி 209458 பி என்னும் வெப்ப வியாழனில் இம்முறையால் சோடியம் இருப்பதை ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி கொண்டு 2001ஆம் ஆண்டு கண்டனர். சூரியக் குடும்பத்திற்கு அப்பாலுள்ள ஒரு கோளின் காற்றை மாந்தர் அறிந்தது அதுவே முதன்முறை. அக்கோள் கடக்கும்போது விண்மீனின் ஒளி நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு குறைகிறது. சோடியத்தால் கூடுதலாகக் குறைந்ததோ பத்தாயிரத்தில் இரண்டு பங்கு அளவே. அவ்வளவு நுண்ணிய அளவை நம்பி ஒரு சொல் சொல்ல வேண்டுமெனில் எத்துணைக் கவனம் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

2022ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி, ஏறத்தாழ 700 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள வாஸ்ப்-39 பி என்னும் கோளில் கார்பன் டை ஆக்சைடைத் தெளிவாகக் காட்டியது. அதனுடன் யாரும் தேடாத சல்பர் டை ஆக்சைடும் தென்பட்டது. விண்மீனின் புற ஊதாக் கதிர்கள் அங்குள்ள நீராவியையும் ஹைட்ரஜன் சல்பைடையும் உடைக்க, உடைந்த துண்டுகள் மீண்டும் கூடி இவ்வாயு உண்டாயிற்று என்று கணக்கிட்டுக் கூறினர். நம் புவியின் மேல்வானில் கதிரவனின் ஒளியால் ஓசோன் உண்டாவதும் இத்தகையதொரு வினையே. வெயில் செய்யும் வேதியியல் புறக்கோளிலும் நடைபெறுகிறது என்பதற்குக் கிடைத்த முதற்சான்று இதுவாகும்.

நம் மண்ணின் பங்கு

இவ்வறிவு முற்றிலும் அயலார் உடைமை என்று எண்ண வேண்டுவதில்லை. நிறமாலை, கடப்பு என்னும் இவ்விரண்டு கருவிகளின் வரலாற்றிலும் பழைய சென்னை மாகாணத்திற்கு இடமுண்டு.

1868 ஆகஸ்டு 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காணப் பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் அக்காலத்தில் சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு வந்தார். சென்னை வானாய்வகத்தின் தலைவராயிருந்த நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து நோக்கினார். கிரகணத்தின்போது சூரிய விளிம்பின் நிறமாலையில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியத்தின் கோடு எனக் கருதத்தக்க இடத்தில் அது இருந்தது. நுணுகி அளந்தபோது இடம் சற்றே விலகி நின்றது. அவ்விலகலை ஒதுக்கித் தள்ளாமல் ஆராய்ந்ததன் பயனாகவே ஹீலியம் என்னும் புதிய தனிமம் உலகிற்குத் தெரிய வந்தது. புவியில் அது கிடைத்தது 1895ஆம் ஆண்டில்தான். அதே ஹீலியத்தை வாஸ்ப்-107 பி என்னும் புறக்கோளின் காற்றில் 2018ஆம் ஆண்டில் கண்டனர்.

அடுத்து, 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி அந்நிகழ்வினைப் பொதுமக்கட்கு விளக்க ஒரு சிறுநூல் எழுதினார். ஆங்கிலத்தில் எழுதியதோடு நில்லாமல் உருது, கன்னடம் உள்ளிட்ட நம் நாட்டு மொழிகளிலும் அது வெளிவரச் செய்தார். வானில் நடப்பதை மக்கள் தம் மொழியில் அறிதல் வேண்டும் என்று ஒன்றரை நூற்றாண்டிற்கு முன்பே அவர் கருதினார்.

மூன்றாவதாக, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். சூரியனின் வெளியடுக்கில் ஒரு மின்னணுவைக் கூடுதலாகப் பெற்ற ஹைட்ரஜன் அணுக்கள் ஒளியை எவ்வாறு விழுங்கும் என்பதை அவர் 1940களில் கணக்கிட்டார். மிகு வெப்பமுடைய வியாழன்களில் நீர் மூலக்கூறுகள் உடைந்துபோக, அவ்வணுக்களே அங்கும் ஒளியை மறைக்கின்றன என்று 2018ஆம் ஆண்டளவில் வெளிவந்த ஆய்வுகள் கூறின. புறக்கோள் என்ற சொல்லே வழங்காத காலத்தில் அவர் போட்ட கணக்கு இன்றைக்குப் பயன்படுகிறது.

இவர்கள் எவரும் 'முன்னரே சொல்லிவிட்டோம்' என்று அமைந்திருக்கவில்லை. அளந்தனர், கணக்கிட்டனர், பிறர்க்கு எடுத்துரைத்தனர். நாம் பெருமை கொள்ளத்தக்கது இதுவே.

திருத்திக்கொண்ட முடிவுகள்

இத்துறையில் என்னைப் பெரிதும் ஈர்த்தது, இவர்கள் கண்டறிந்தவை மட்டுமன்று. கண்டதாகக் கூறிப் பின்னர்த் திருத்திக்கொண்டவையும் ஆகும்.

திருப்பத்தூர் மாவட்டம் சவ்வாது மலையிலுள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. அங்கு 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்ட ஆண்டு 1972. அவ்வாண்டு ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளாகிய கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் அதனை அளந்தனர். அவ்வளவீடுகளைக் கொண்டு, கனிமீடுக்கு மெல்லிய காற்று உறை உண்டு என்று 1973ஆம் ஆண்டு அறிவித்தனர். தமிழ் மண்ணிலிருந்து வேற்றுலகின் காற்று கண்டறியப்பட்டது என்று நாம் மேடையில் முழங்கத் தக்க செய்திதான். ஆயினும் 1979ஆம் ஆண்டில் வியாழனை நெருங்கிய வாயேஜர் விண்கலம், அவர்கள் கணித்த அளவிற்கு அங்குக் காற்று இல்லை என்று காட்டியது. பின்னர் 1990களில் ஹப்பிள் தொலைநோக்கி மிக மிக மெல்லிய ஆக்சிஜன் உறை ஒன்று இருப்பதைக் கண்டது. காற்று உண்டு, ஆனால் முதலில் கூறிய அளவினும் பன்மடங்கு குறைவு. இதனால் காவலூரின் மதிப்பு குறைந்துவிடவில்லை. அளந்ததை வெளிப்படையாக வைத்தமையால்தான் பிறர் சரிபார்த்துத் திருத்த முடிந்தது.

இன்னொன்று. இந்தியாவில் பிறந்து இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருக்கும் நிக்கு மதுசூதன் புறக்கோள் காற்றாய்வில் உலகறிந்த பெயர். ஏறத்தாழ 26 மணி நேரத்தில் தன் விண்மீனைச் சுற்றிவிடும் வாஸ்ப்-12 பி என்னும் கோளில் ஆக்சிஜனைவிடக் கார்பன் மிகுதி என்று 2011ஆம் ஆண்டு அவரும் உடன் உழைத்தோரும் எழுதினர். மறு ஆண்டே வேறு சிலர், அருகிலிருந்த மங்கலான விண்மீனின் ஒளியும் அளவீட்டில் கலந்துவிட்டது என்றும், அதனை நீக்கினால் அம்முடிவு வலுவிழக்கும் என்றும் காட்டினர். 2015ஆம் ஆண்டில் ஹப்பிள் தொலைநோக்கி அங்கு நீராவியைக் கண்டது. கார்பன் மிகுதி என்ற கருத்து மேலும் தளர்ந்தது.

அதே வாஸ்ப்-12 பி உள்ளிட்ட ஐந்து வெப்ப வியாழன்களின் கடப்புகளைக் காவலூரின் 1.3 மீட்டர் தொலைநோக்கியாலும் லடாக்கின் ஹன்லேயிலுள்ள 2 மீட்டர் தொலைநோக்கியாலும் அளந்து, பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் 2021ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியிட்டனர். அவ்வாய்வின் பெரும்பகுதி எதற்குச் செலவாயிற்று தெரியுமா? நம் புவியின் காற்றும், அவ்விண்மீனின் சொந்த மாற்றங்களும் அளவீட்டில் கலக்கும் பிழையைப் பிரித்தெடுப்பதற்கே. பிழையைக் களைந்த பின்னரே கோளின் அளவைச் சொல்கின்றனர்.

அண்மையில் 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் கே2-18 பி என்னும் கோளைப் பற்றிய செய்தி உலகெங்கும் பரவியது. அது வெப்ப வியாழன் அன்று. நம் புவியினும் பெரிதாய், நெப்டியூனினும் சிறிதாய் உள்ள கோள். புவியில் கடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒருவகை வாயுவின் தடயம் அங்கிருக்கலாம் என்று மதுசூதன் குழுவினர் எழுதினர். வேற்றுலகில் உயிர் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்றே பலரும் பேசத் தொடங்கினர். எழுதியவரோ, இன்னும் அளவீடுகள் வேண்டும், இது முடிந்த முடிவன்று என்றார். வேறு குழுவினர் அதே அளவீடுகளை மீண்டும் ஆராய்ந்து, சான்று போதாது என்றனர். பரபரப்பு நமக்கு வந்து சேர்ந்தது. எச்சரிக்கை வந்து சேரவில்லை.

இப்பண்பு நமக்குப் புதிதன்று

சான்றை எடைபோடும் இப்பண்பு மேலை நாட்டிலிருந்து நாம் இறக்குமதி செய்ய வேண்டிய பொருள் அன்று. நம் இரு மரபுகளிலும் அது வேரூன்றி நிற்கிறது.

தமிழ் மாணவர்கள் பாட வேறுபாட்டையும் இடைச்செருகலையும் அறிவர். சீறாப்புராணத்தைச் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர் 1842ஆம் ஆண்டு பதிப்பித்ததும், புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு பதிப்பித்ததும் ஏடுகளைத் தேடித் திரட்டியதன் பயன். எது ஆசிரியர் வாக்கு, எது ஏடெழுதியவர் பிழை, எது பின்னவர் சேர்த்தது எனப் பிரித்தறிதல் பதிப்பாசிரியர் கடன். அருகிலிருந்த விண்மீனின் ஒளி வாஸ்ப்-12 பியின் அளவீட்டில் கலந்ததும் ஓர் இடைச்செருகலே. அதனைக் களைந்தவர் செய்ததும் பதிப்பாசிரியர் வேலையே.

ஹதீஸ் கலையை அறிந்த பெரியவர்கட்கு நான் கூறவே வேண்டுவதில்லை. ஒரு செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது என்று ஒருவர் சொன்னால், நல்ல செய்திதானே என்று நம் இமாம்கள் ஏற்றுக்கொண்டு விடவில்லை. யார் வழியாக வந்தது, அவர் நினைவாற்றல் எத்தகையது, ஒருவரையொருவர் உண்மையில் சந்தித்தவரா என்று அறிவிப்பாளர் தொடர் முழுவதையும் ஆராய்ந்தனர். ஸஹீஹ் எனவும் ஹஸன் எனவும் ளயீஃப் எனவும் தரம் பிரித்தனர். பலவீனமானதைப் பலவீனமானது என்று எழுதி வைக்க அவர்கள் அஞ்சவில்லை.

இவ்வளவு ஏன்? ஆண்டுதோறும் ரமலான் பிறை காணும் நாளை எண்ணிப் பாருங்கள். மக்ரிபுக்குப் பின் ஒருவர் ஓடி வந்து பிறை கண்டேன் என்கிறார். நம் ஜமாஅத் பெரியவர்கள் உடனே தக்பீர் முழங்கி விடுகிறார்களா? எந்தத் திசையில் கண்டீர், எவ்வளவு உயரத்தில் இருந்தது, எப்பக்கம் வளைந்திருந்தது, மேகம் இருந்ததா, உம்முடன் வேறு யார் கண்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கின்றனர். கண்டவர் பொய்யர் என்று எண்ணிக் கேட்பதில்லை. ஓர் ஊரின் நோன்பும் பெருநாளும் அவருடைய ஒரு சொல்லில் நிற்பதால் கேட்கின்றனர்.

பிறைக்குக் கேட்கும் சான்றை மேடைப் பேச்சிற்கு ஏன் கேட்பதில்லை? இதுவே இக்கட்டுரை வாயிலாக நான் எழுப்ப விரும்பும் வினா.

பெருமையின் பெயரால்

புறநானூற்றின் முப்பதாம் பாடல் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது. ஞாயிற்றின் பாதையையும் காற்று செல்லும் திசையையும் வானத்தையும் நேரில் போய் அளந்து வந்தவர் போல இவ்வளவு என்று கூறுவோரும் இருக்கின்றனர் என்னும் கருத்து அதில் வருகின்றது. மேடைகளில் இப்பாடலை எடுத்துக்காட்டி, தமிழன் அன்றே விண்வெளிக்குப் போனான் என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். பாடல் அவ்வாறு கூறவில்லை. வானை ஆராய்ந்து கணக்குச் சொல்லும் மக்கள் அக்காலத்தில் இருந்தனர் என்பதையும், அவர்களைப் புலவர் அறிந்திருந்தார் என்பதையும் மட்டுமே அது காட்டுகின்றது. இந்த அளவே நமக்குப் போதுமான பெருமை. இல்லாததை ஏற்றினால் இருக்கும் பெருமையும் ஐயத்திற்கு இடமாகும்.

திருமறையைப் பொறுத்தவரை இன்னும் கவனம் தேவை. இன்று ஏட்டில் வந்த ஒரு கண்டுபிடிப்பை எடுத்து, இது வேதத்தில் உள்ளது என்று ஒருவர் முழங்குகிறார். நாளை அக்கண்டுபிடிப்புத் திருத்தப்பட்டால் என் செய்வது? 1973ஆம் ஆண்டில் கனிமீடின் காற்றுக்கு ஒருவர் வசனம் காட்டியிருப்பாராயின் 1979ஆம் ஆண்டில் அவர் எங்கே போய் நின்றிருப்பார்? மாறும் இயல்புடைய ஒன்றின்மீது மாறாத ஒன்றைச் சார்த்தி வைப்பது மரியாதை ஆகாது. வானங்களைப் படைத்தவனின் படைப்பைச் சிந்தித்துப் பார்க்குமாறு திருமறை பன்முறை அழைக்கிறது. சிந்திப்பதற்கு விடுத்த அழைப்பைச் சிந்திக்காமல் இருப்பதற்குச் சான்றாக்கலாமா?

நம் முன்னோர் அவ்வாறு செய்யவில்லை. ஒளியியலின் தந்தை என உலகம் போற்றும் இப்னுல் ஹைதம், வானியலில் பல நூற்றாண்டுகளாகப் பெரிதும் மதிக்கப்பட்டு வந்த தாலமியின் நூல்களிலுள்ள முரண்களை எடுத்துக்காட்டி ஒரு நூலே எழுதினார். அதன் தலைப்பின் பொருள் 'தாலமி பற்றிய ஐயங்கள்' என்பதாகும். அல் சூஃபி 964ஆம் ஆண்டளவில் விண்மீன்களை ஒவ்வொன்றாகத் தம் கண்ணால் நோக்கிப் பழைய பட்டியலைத் திருத்தினார். இன்றும் உலகத்தார் பல விண்மீன்களை அரபுப் பெயர்களால் அழைப்பதற்குக் காரணம், அக்காலத்தார் வானத்தைப் பார்த்தனர் என்பதே.

எதிர்ப்புரைகள் சில

ஏழு நூறு ஒளியாண்டிற்கு அப்பாலுள்ள கோளின் காற்றால் நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். நியாயமான வினாவே. பத்தாயிரத்தில் இரண்டு பங்கு வேறுபாட்டைப் பிரித்தறியும் பயிற்சி ஓர் ஆய்வுக்கூடத்தில் மட்டும் பயன்படுவதன்று. மருந்தின் தரம் பார்க்கவும், குடிநீரில் கலந்திருப்பதை அறியவும், நம் ஊர்க் காற்றிலுள்ள நஞ்சை அளக்கவும் பயன்படுவது அதே நிறமாலை அறிவுதான். ஆலை, ஆய்வகம், மருத்துவமனை எங்கும் அதற்கு வேலை உண்டு.

தமிழ் ஆசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று துறை நண்பர்கள் கேட்கலாம். தமிழ் வழியில் பயின்று வரும் மாணவர், ஆங்கில நூலைப் புரியாமல் மனப்பாடம் செய்து தேர்வெழுதுகின்றார். புரியாமல் மனப்பாடம் செய்தவர்க்கு ஐயம் எழாது. ஐயம் எழாதவர்க்கு ஆராய்ச்சி வராது. அவர் மொழியில் அவ்வறிவைத் தருவது யார் கடமை? விழாவிற்கு வாழ்த்துப்பா எழுதவும் பட்டிமன்றம் நடத்தவும் மட்டும் ஒரு துறை வேண்டுமா?

ஐயத்தைக் கற்பித்தால் பிள்ளைகளின் ஈமான் தளரும் என்று அஞ்சுவோரும் உளர். பிறை கண்டவரை வினவும் பெரியவரின் ஈமான் தளர்ந்துவிட்டதா? அறிவிப்பாளரை ஆராய்ந்த இமாம்களின் ஈமான் தளர்ந்ததா? மனிதர் கூறுவதை ஆராய்தல் இறைவனை ஐயுறுதல் ஆகாது.

செய்யத் தக்கன

பெரிய திட்டங்களை நான் கேட்கவில்லை. ஆண்டுதோறும் நம் துறை மலரில் அறிவியல் கட்டுரை ஒன்று தமிழில் இடம்பெறட்டும். அதனை மாணவர் எழுதட்டும். அறிவியல் துறை ஆசிரியர் ஒருவர் சரிபார்க்கட்டும். கூறப்படுவது என்ன, அதற்குச் சான்று என்ன, ஏற்றோர் யார், மறுத்தோர் யார் என்னும் நான்கும் அதில் தவறாமல் இருக்கட்டும். பேச்சுப் போட்டிகளில் குரலுக்கும் நடைக்கும் மதிப்பெண் இடுவது போலச் சான்றிற்கும் இடுவோம். திருச்சி விமான நிலையத்திற்கு அருகே, நம் புதுக்கோட்டைச் சாலையிலேயே, அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் இருக்கிறது. ஒரு பேருந்துப் பயணத் தொலைவுதான். தமிழ்த்துறை மாணவர்களும் அறிவியல் துறை மாணவர்களும் அங்கே சேர்ந்து சென்று வரலாம். வாய்ப்பு அமையின் காவலூருக்கும் ஒருமுறை செல்லலாம்.

எல்லாவற்றினும் முதலாவது ஒன்றுண்டு. மேடையில் நிற்கும் நாம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகுதல் வேண்டும். ஆசிரியர் அவ்வாறு சொல்லக் கேட்டால்தான் மாணவர் தாமும் சொல்லத் துணிவார்.

அம்மாணவரைச் சில வாரங்கள் கழித்து நூலகத்தில் கண்டேன். "தம்பி, நீங்கள் கேட்டது எந்தப் பாட்டிலும் இல்லை. அன்று நான் பேசியது சரியில்லை" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அப்படியானால் நாம்தான் எழுத வேண்டும் ஐயா" என்றார்.

இக்கட்டுரை அவ்வகையில் என் முதல் முயற்சி. இதில் பிழை காண்போர் சான்றுடன் திருத்துவாராக, நன்றியுடன் ஏற்பேன்.